மண் கேட்காத செடி

மார்ச் 2, ஞாயிறு

இந்தச் செடிக்கு மண்ணே கிடையாது. கரித்துண்டு, மரப்பட்டைச் சில்லு, கொஞ்சம் தேங்காய் மட்டை, அவ்வளவுதான். தொட்டியைச் சுற்றிலும் ஓட்டை. முதன்முதலில் பார்த்தபோது, யாரோ கூட்டிப் பெருக்கியதை அள்ளிப்போட்டு அதில் ஒரு செடியைச் செருகி என் மகன் தலையில் கட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஆர்க்கிட் அப்படித்தான் இருக்கும், அதற்கு மண் ஆகாது என்று தரணி சொன்னான். ஜனவரியில் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்தபோது அவன் கொண்டுவந்தது இரண்டு பையும் இந்தத் தொட்டியும்தான். ரயிலில் வழி நெடுக மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். அப்போது ஊதா நிறத்தில் நான்கு பூ இருந்தது. இப்போது இலை மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் பக்கெட்டில் தண்ணீர் பிடித்துத் தொட்டியை அதில் இறக்கி வைப்பான். இன்று மதியம்வரை பார்த்தேன். எழுந்து வரவில்லை. கேட்டதற்கு, "ஊத்தறதுன்னா ஊத்தும்மா" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

பிப்ரவரியில் நடந்ததை நான் எழுதப் போவதில்லை. உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் இருந்தான். கேட்கிறவர்களுக்கு டைபாய்டு. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா என்னையும் என் வீட்டுக்காரரையும் தனியாக உட்கார வைத்துச் சொன்னதை மட்டும் எழுதி வைக்கிறேன். பையனைத் தனியாக விடக் கூடாது. மாத்திரை நம் கையில்தான் இருக்க வேண்டும். வீட்டில் அவன் கைக்கு எதெல்லாம் எட்டும் என்று நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். அவனுக்கு எதன் மேலாவது பிரியம் இருந்தால் அது அறுந்து போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அவனுக்கு இருக்கும் ஒரே பிரியம் இந்தச் செடி. அதையும் இன்று கைவிட்டுவிட்டான். அதனால் இனி நான் பார்த்துக்கொள்கிறேன். அவன் என்றைக்கு எழுந்து வந்து பார்த்தாலும் இது உயிரோடு இருக்க வேண்டும். எனக்கு இப்போது வேறு வேலை இல்லை.

மார்ச் 4, செவ்வாய்

காலை ஷிஃப்ட்டுக்குப் போகும் முன் அவர் ஸ்டூல் போட்டு ஏறி தரணி அறையின் சீலிங் ஃபேனைக் கழற்றினார். உள்ளே கம்பிச் சுற்று, அந்தக் காயில், போய்விட்டதாம். என் வீட்டுக்காரர் மோட்டார் பம்பு கம்பெனியில் காயில் சுற்றியே தலை நரைத்தவர். காயில் போனால் உட்கார்ந்த இடத்தில் சுற்றி மாட்டுகிற ஆள், இன்று ஃபேனைச் சாக்கில் கட்டிக் கம்பெனிக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகிற போக்கில் கதவுத் தாழ்ப்பாளையும் கழற்றினார். அது துருவாம்.

தரணி கட்டிலில் படுத்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பா, ஒரு ஸ்க்ரூ கட்டிலுக்கடில உளுந்துருச்சு" என்றான். அவர் குனிந்து தேடி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் டேபிள் ஃபேன் வந்தது. ஹாலில் இருந்து அறைக்குள் காற்று வருகிற மாதிரி வைத்திருக்கிறோம். செடியையும் அந்தக் காற்றுக்கு நேராக ஹால் ஜன்னல் ஓரம் வைத்தேன்.

மார்ச் 5, புதன்

இரண்டு இட்லி சாப்பிட்டான்.

மார்ச் 8, சனி

வாரத்துக்கு ஒரு தடவைதான் தண்ணீர், அதுவும் கீழிருந்துதான், தலையில் ஊற்றக் கூடாது என்று ஜனவரியிலேயே எனக்குப் பாடம் எடுத்திருக்கிறான். பெங்களூர்க் குளிருக்கு அது சரி. இங்கே கோயமுத்தூரில் மார்ச் மாதமே மண்டை பிளக்கிறது. வெயிலில் வந்த மனுஷனுக்கு வாரம் ஒரு சொம்புதான் என்றால் பொறுப்பானா? தினமும் வாசல் தெளித்த கையோடு இதற்கும் தலைக்கு ஒரு சொம்பு ஊற்றுகிறேன். குருத்தில் தண்ணீர் தேங்கி நிற்பதைப் பார்க்க எனக்கே குளிர்ச்சியாக இருக்கிறது. அரிசி கழுவிய தண்ணீரும் விடுகிறேன். என் கருவேப்பிலையும் செம்பருத்தியும் அதைக் குடித்துத்தான் அப்படி வளர்ந்து கிடக்கின்றன.

அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் பேச மாட்டான், முகத்தை மட்டும் அப்படி வைத்துக்கொள்வான். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

ஆபீஸில் முட்டிவலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு லீவில் இருக்கிறேன். இன்று என் பக்கத்து கவுன்ட்டர் விஜயகுமாரி ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்க வந்துவிட்டாள். நொண்டிக்கொண்டே போய்க் கதவைத் திறந்தேன். காபி போட உள்ளே போன நான் திரும்பி வரும்போது அடுத்த காலை நொண்டிக்கொண்டு வந்திருக்கிறேன். "ரெண்டு முட்டியுமா?" என்று பாவமாகக் கேட்டாள். ஆமாம் என்றேன். தைலத்தின் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு சிரித்தேன். சமையலறையில் தனியாக நின்று நன்றாகவே சிரித்தேன். சிரிப்பு நின்றபோது பார்த்தால் முந்தானை நனைந்திருந்தது.

தரணியைப் பற்றிக் கேட்டதற்கு, வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான், இப்போது மீட்டிங்கில் இருக்கிறான் என்றேன். அவன் கதவுக்கு அந்தப் பக்கம்தான் படுத்திருந்தான். அவனுக்கும் கேட்டிருக்கும்.

மார்ச் 16, ஞாயிறு

இன்று வெளியே வந்தான். பல் விளக்கிவிட்டு நேராக ஜன்னலுக்குப் போய்ச் செடியைப் பார்த்தான். நான் மூச்சுக்கூட விடாமல் அடுப்படியில் நின்றேன். தொட்டி ஓட்டை வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்த வேரைத் தொட்டு, "வேரு பச்சையா இருந்தா தண்ணி குடிச்சிருக்குன்னு அர்த்தம். வெள்ளையா மாறுனாத்தான் கேக்குதுன்னு அர்த்தம்மா. அதுவா கேக்கும். அது கேக்காம குடுக்கக் கூடாது" என்றான்.

ஒரு மாதத்தில் அவன் என்னிடம் பேசியதில் இதுதான் நீளமானது. அப்படியே எழுதிவிட்டேன். வேர் பச்சையாகத்தான் இருந்தது. நான் விடியற்காலையில் ஊற்றியது. உள்ளே போகும்போது, நீயா பார்த்துக்கொள்கிறாய் என்று கேட்டான். ஆமாம் என்றேன். சரி என்று போய்ப் படுத்துவிட்டான்.

மார்ச் 22, சனி

இலைக்கு அடியில் மாவுப்பூச்சி. பஞ்சைக் கிள்ளி ஒட்டினது மாதிரி வெள்ளை வெள்ளையாக.

அவர் வீட்டில் இருந்ததால் நான் நர்சரிக்குப் போய் வந்தேன். கடைக்காரர் அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, இதில் ரெண்டு சொட்டு விட்டு அடித்தால் நாளைக்கே பூச்சி இருக்காது என்றார். மூடியில் மண்டையோடு போட்டிருந்தது. கையில் வாங்கி, பைக்குள்ளும் வைத்துவிட்டேன். கடையை விட்டு இறங்கி மெயின் ரோடுவரை போய்விட்டேன். அப்புறம் திரும்பி வந்து கல்லாவின் மேல் வைத்தேன். வேண்டாமா என்றார். வாடை ஒத்துக்காது என்றேன். மூடி திறக்காத பாட்டிலில் என்ன வாடை வரும் என்று அந்த மனுஷன் பார்த்தார். சோப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைக்கலாம், ஆனால் நாள் தவறாமல் துடைக்க வேண்டும், அப்படியும் போகும் என்று உறுதி இல்லை என்று சொல்லி அனுப்பினார்.

துடைக்கிறேன். தினமும் துடைக்கிறேன். ஒரு இலைக்கு ஒரு பஞ்சு. இன்று துடைத்த இடத்தில் நாளைக்கு மறுபடி இருக்கும் என்று தெரியும். அதனால் என்ன, மறுபடி துடைக்கிறேன்.

மார்ச் 30, ஞாயிறு

என் நாத்தனார் சரோஜினி பொள்ளாச்சியிலிருந்து ஜாதகத்தோடு வந்து இறங்கினாள். பெண் பல் டாக்டராம். அண்ணன் மகனைப் பார்க்க வேண்டும் என்று அறைப் பக்கம் போனவளை, தூங்குகிறான் என்று கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். பகல் பதினொரு மணிக்கு என்ன தூக்கம் என்றாள். டைபாய்டு வந்த உடம்பு என்றேன். கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஓட்டை இருப்பதை அவள் பார்த்ததை நானும் பார்த்தேன்.

ஜன்னலோரம் போய் நின்று, "ஏனுங்கண்ணி, இதென்ன செடி இப்படிச் செத்தவன் கையாட்டத் தொங்குது? ஊட்டுக்குள்ள இப்படி வாடுனதெல்லாம் வெக்கக் கூடாதுங்க, தூக்கி வீசுங்க" என்றாள். அவள் நல்ல மனசுக்காரிதான். ஆனால் அந்த நிமிஷம் அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும் போல இருந்தது. சாப்பிட வாம்மா என்று சொல்லி இலை போட்டேன். ஜாதகத்தை வாங்கிச் சாமி படத்துக்குக் கீழே வைத்தேன். அவர் சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஏப்ரல் 4, வெள்ளி

கோயிலுக்குப் போய்ப் பூக் கேட்டேன். எங்கள் பக்கத்தில் எதற்கும் அம்மனிடம் பூக் கேட்டுத்தான் செய்வோம். கிணறு வெட்டவும் கேட்போம், கல்யாணத்துக்கும் கேட்போம். பூசாரி வெள்ளைப் பூவை ஒரு இலைத்துண்டிலும் சிவப்பை ஒரு இலைத்துண்டிலும் மடித்து அம்மன் பாதத்தில் வைப்பார். நாம் மனதில் நினைத்துக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் பிழைக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சிவப்பு வந்தது.

இன்னொரு தடவை கேட்கட்டுமா என்றேன். அப்படிக் கேட்கக் கூடாதுங்க என்று பூசாரி சொன்னார். எதைப் பற்றிம்மா கேட்டீங்க என்று அவரே இரக்கப்பட்டுக் கேட்டார். வீட்டில் ஒரு செடி, அதைப் பற்றி என்றேன். செடிக்கா என்று சிரித்துவிட்டு விபூதி கொடுத்தார். செடிக்குத்தான் கேட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் என்ன வந்தது என்றார். நான் எங்கே போனேன் என்று நான் சொல்லியிருக்கவில்லை. வெள்ளை வந்தது என்றேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, தானும் போன வாரம் கம்பெனியிலிருந்து வரும் வழியில் கேட்டதாகச் சொன்னார். உங்களுக்கு என்ன வந்தது என்றேன். வெள்ளை என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் வெள்ளை வந்த வீட்டில் சாப்பாடு அப்படியே மிஞ்சியது.

ஏப்ரல் 9, புதன்

குருத்து கறுக்கிறது. நடு இலையின் அடி, நேற்று வரை பச்சையாக இருந்தது, இன்று தொட்டால் வெந்த வாழைக்காய் மாதிரி அமுங்குகிறது. வெயில்தான். இன்று இரண்டு சொம்பாக ஊற்றினேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

தொட்டியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டேன். நல்ல இலை இரண்டும் இந்தப் பக்கம் தெரிகிறது.

அவன் வெளியே வருவதில்லை. சாப்பாடு உள்ளேயே. பாத்ரூம் போனால் வெளியே நின்று, துண்டு வேண்டுமா, சோப்பு இருக்கிறதா என்று ஏதாவது கேட்டுக்கொண்டிருக்கிறேன். இருக்கும்மா என்ற ஒரு வார்த்தை வரும்வரை கதவை விட்டு நகர்வதில்லை. இருபத்தேழு வயசுப் பையனிடம் சோப்பு இருக்கிறதா என்று எத்தனை தடவைதான் கேட்பது.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரைக் கனி. விடிந்ததும் முதலில் கண்ணில் பட, மாம்பழம், பலாச்சுளை, வாழைப்பழம், வெற்றிலை, கொன்றைப்பூ எல்லாம் தட்டில் வைத்தேன். நடுவில் கண்ணாடி வைக்க வேண்டும். வீட்டில் இருந்த கண்ணாடிகளை எல்லாம் பிப்ரவரியிலேயே மேல் வீட்டில் கொடுத்துவிட்டேன். சவரத்துக்கு அவர் எவர்சில்வர் தட்டில்தான் முகம் பார்த்துக்கொள்கிறார். கண்ணாடி இல்லாமலே கனி வைத்தேன்.

கண்ணைத் திறக்காமல் வா கண்ணு, அம்மா கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறேன் என்றேன். சின்ன வயதில் அப்படித்தான் கூட்டிப் போவேன். அப்பறம் என்றான். மாம்பழத்தை மத்தியானம் அவரும் நானும் சாப்பிட்டோம். புளிப்பு.

எனக்கு முடியவில்லை. இதை எழுதிவிடுகிறேன். எனக்கு முடியவில்லை.

ஏப்ரல் 19, சனி

முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தேன். தரணி வந்தான். நான் எழுவதற்குள் ஜன்னலுக்குப் போய்த் தொட்டியைத் திருப்பிவிட்டான்.

நடு இலையை லேசாகத்தான் தொட்டான். குருத்தோடு கையில் வந்துவிட்டது. அழுகின வாடை ஹால் முழுக்க அடித்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். இந்த வெயில் இருக்கிறதே என்று நான் ஆரம்பித்தேன். அவன் தொட்டிக்குள் பார்த்துவிட்டு, "தலைல ஊத்துனியாம்மா?" என்றான். இல்லை என்றேன். அப்புறம், தினமும் என்றேன்.

சிரித்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் சிரிப்பு. ஐயோ, சிரிக்கிறானே என்று ஒரு நொடி எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான் சொன்னான்.

"சரி, உடும்மா. போறேங்கற உசுர எத்தன நாளைக்கு இளுத்துப் புடிச்சுட்டே இருப்ப?"

கீரை முறத்தை விட்டெறிந்தேன். அவன் மேல் இல்லை, சுவரில். என் குரல் எனக்கே தெரியவில்லை. எந்த உசுரைச் சொல்கிறாய் என்று கத்தினேன். செடி என்றான். "இல்ல. நீ செடியச் சொல்லுல. பாத்ரூம்ல தண்ணிச் சத்தம் நின்னா எனக்கு உசுரு நிக்குது. அப்பா உன்ற வாசப்படில பாயப் போட்டுப் படுத்துட்டுக் கண்ண மூடறதே இல்ல. நீ செத்துப் போயிருவ, மறுக்காவும் நீயா செத்துப் போயிருவன்னுதான்டா நாங்க இப்படிக் கெடக்கறோம்."

சொல்லிவிட்டேன். பிப்ரவரியிலிருந்து யாரிடமும் சொல்லாத சொல். அவரிடம்கூடச் சொன்னதில்லை. சொல்லிவிட்டால் அவன் மனதில் இல்லாததை நானே போட்டுவிட்டதாக ஆகிவிடுமோ என்று அத்தனை பயம்.

தரணி தரையில் உட்கார்ந்தான். சிதறிக் கிடந்த கீரையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முறத்தில் போட ஆரம்பித்தான். நானும் உட்கார்ந்தேன். பாதி பொறுக்கின பிறகுதான் பேசினான்.

"ஃபேனக் கழட்டுனாரு, கண்ணாடியத் தூக்குனீங்க. எனக்குத் தெரியாதாம்மா? ரெண்டு பேருல ஒருத்தராவது எங்கிட்ட ஒரு வார்த்த கேப்பீங்கன்னு பாத்துட்டே இருந்தேன். டைபாய்டுன்னீங்க. மீட்டிங்குன்னீங்க. அப்பறம் எல்லாருஞ் செடியப் பத்தியே பேசுனீங்க."

கேட்டால் சொல்வாயா என்றேன். கேளு என்றான்.

எப்படிக் கேட்பது என்று யார் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? அந்த நெனப்பு இப்பவும் வருதா கண்ணு என்று கேட்டேன். வருது என்றான். கையில் இருந்த கீரையை முறத்தில் போட்டேன். இன்றைக்கு வந்ததா என்றேன். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருகிறவன் மாதிரி கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டான்.

"இன்னைக்கு இல்லம்மா."

அவ்வளவுதான். பிழைத்துக்கொள்வேன் என்று சொல்லவில்லை. இனிமேல் செய்ய மாட்டேன் என்று சொல்லவில்லை. சத்தியம் வாங்க வேண்டும் என்று வாய் வரை வந்தது, வாங்கவில்லை. வாங்கினால் எனக்காகப் பொய் சொல்வான்.

பிறகு பட்டை இருக்கிறதா என்று கேட்டான். பிரியாணிக்குப் போடுகிற பட்டைதான். நுணுக்கிக் கொடுத்தேன். குருத்து பிய்ந்த இடத்தில் அதைத் தூவினான். அழுகல் பரவாமல் இருக்குமாம். பிழைக்குமா என்றேன். சந்தேகம்தான், குருத்துப் போனால் அதற்கு மேலே வளர வழி இல்லை என்றான். நாளைக்கு நான் ஊற்ற மாட்டேன் என்றேன். தொட்டியைப் பழையபடி ஜன்னல் ஓரம் வைத்தான்.

சாயங்காலம் அவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டார். கேட்டுவிட்டு பைப்படியில் போய் முகம் கழுவினார், வெகுநேரம் கழுவினார். வந்து, அம்மனிடம் தனக்கும் சிவப்புத்தான் வந்தது என்றார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

டாக்டரம்மாவிடம் மூன்று பேரும் போனோம். நான் தனியாகப் போய், வாய்விட்டுக் கேட்டுவிட்டேன், தப்பு செய்துவிட்டேனா என்றேன். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, கேட்காமல் விட்டால்தான் அதோடு அவன் தனியாக இருக்க வேண்டியிருக்கும் என்றார். கேளுங்கள், பதில் சொல்லாத நாளில் யோசிக்காமல் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றார். இதை எனக்கு முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஒருவேளை சொல்லியிருப்பார், நான்தான் காதில் வாங்கியிருக்க மாட்டேன். அன்றைக்கு எனக்கு எட்டும் தூரம், எட்டாத தூரம் என்பது மட்டும்தான் கேட்டது.

ஏப்ரல் 23, புதன்

காலையில் காபி கொடுக்கும்போது கேட்டேன். இன்றைக்கு இல்லை என்றான்.

ஏப்ரல் 24, வியாழன்

கேட்டேன். தலையை ஆட்டினான். வாயால் சொல் என்றேன். எரிச்சலோடு சொன்னான். எரிச்சல் பரவாயில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்னொரு இலை மஞ்சளாகி விழுந்தது. பட்டைத்தூள் அழுகலை நிறுத்தவில்லை.

கேட்டேன். இன்றைக்கு இல்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

கேட்டேன். பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டேன். என்னைப் பார்த்தான், கண்ணை மூடிக்கொண்டான்.

ஆட்டோ பிடித்துக் கூட்டிப் போனோம். அவர் ஷிஃப்ட்டை விட்டுவிட்டு வந்தார். ஆட்டோவில் நடுவில் தரணி, இரண்டு பக்கமும் நாங்கள். வழியெல்லாம் சாலையோரம் பூக்கடைகள். மாத்திரையை மாற்றிக் கொடுத்து, ராத்திரி அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

மே 3, சனி

மூன்று ராத்திரி வைத்திருந்து நேற்றுத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். பதில் சொல்கிறான்.

அவரால் கேட்க முடியவில்லை. வாய் வரவில்லை என்கிறார். நான் கேட்கும்போது கதவுக்கு இந்தப் பக்கம் டிபன் பாக்ஸோடு நிற்கிறார். தரணி சொல்லும் பதில் காதில் விழுந்த பிறகுதான் செருப்பைப் போடுகிறார். இன்று அவன் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டதில் கம்பெனி பஸ் போய்விட்டது. டவுன் பஸ்ஸில் போனார்.

சரோஜினி போன் செய்து ஜாதகம் என்ன ஆயிற்று என்றாள். டைபாய்டு இல்லை என்று சொன்னேன். என்ன நடந்தது என்பதையும் சொன்னேன். நீ வந்தால் அவனோடு பேசு, வராவிட்டாலும் பரவாயில்லை என்றேன். அழுதுகொண்டே வைத்துவிட்டாள்.

மே 7, புதன்

செடி போய்விட்டது.

கடைசி இலையும் நேற்று விழுந்தது. இன்று தரணி தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தான். வேர் எல்லாம் உள்ளே ஒன்றுமில்லாத வெறும் தோல், நசுக்கினால் தண்ணீர் வந்தது. ஒரு நல்ல வேர்கூட இல்லையா என்று கேட்டேன். இல்லை என்றான். கரியையும் பட்டைச் சில்லையும் தனியாக எடுத்து வைத்துவிட்டு, செடியைப் பேப்பரில் சுற்றிக் குப்பை வண்டியில் அவனே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தான். வண்டி போகும்வரை நான் வாசலிலிருந்து பார்த்தேன்.

பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஒரு செடிக்குப் போய் இப்படி அழுவார்களா? இதைக் காப்பாற்றிவிட்டால் அவனைக் காப்பாற்றிவிடுவேன் என்று நானாக ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். என் கையாலேயே அழுக வைத்தேன். பூச்சி போகத் துடைத்துத் துடைத்து, வாட விடாமல் ஊற்றி ஊற்றி அழுக வைத்தேன். இந்தக் கையை வைத்துக்கொண்டு இனி யாரைக் காப்பாற்றப் போகிறேன்?

அழுது முடிக்கும் முன்பே கதவைத் தட்டினான். சோப்பு இருக்காம்மா என்று வெளியே நின்று கேட்டான்.

மே 8, வியாழன்

காலையில் காபியை அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன். கேட்கவில்லை. ஜன்னலில் தொட்டி இல்லை. அதைப் பார்த்த பிறகு அவன் என்ன பதில் சொல்வானோ என்று எனக்குக் கேட்கத் தைரியம் இல்லை. அவர் கதவோரம் நின்று நின்று பார்த்தார். நீங்கள் கிளம்புங்கள் என்றேன். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்.

துணி ஊற வைத்தேன். பருப்பு வேக வைத்தேன். ஒன்பது மணி ஆனது, பத்து ஆனது. அவன் அறையில் சத்தம் இல்லை. போய்க் கேள் என்று கால் எழும், இரண்டு எட்டில் நின்றுவிடும். வெங்காயத்தை எடுத்து வைத்துக்கொண்டு பல்லால் தோலைக் கடித்து உரித்தேன். கத்தி பீரோவுக்குள் இருக்கிறது, சாவி அவரிடம்.

நிமிர்ந்தால் சமையலறை வாசலில் தரணி நின்றுகொண்டிருந்தான். காபி டம்ளரைக் கழுவி மேடையில் கவிழ்த்து வைத்தான். போகாமல் நின்றான்.

"இன்னைக்கு நீ இன்னும் கேக்கலம்மா."

அடுப்பை அணைத்தேன். கேட்டேன். கொஞ்சம் யோசித்து, இன்றைக்கு இல்லை என்றான். நாளைக்கும் கேட்கச் சொன்னான்.